மூணாறு உறைபனிக்கு ஸ்னோ டயர் வேண்டுமா? மலை ஏறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் போடியில் எங்கள் டயர் கடைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணே, மூணாறுல ஐஸ் விழுகுதாம்ல. ஸ்னோ டயர் போடணுமா?" பெரும்பாலும் புதிதாகக் கார் எடுத்த பையன்கள். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தைப் போனில் காட்டுவார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் வந்து நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாங்கள் தொழில் பழகிய நாளில் செய்ததையெல்லாம் இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கிளம்பும் முன் காற்றுப் பார், வளைவில் ஓவர்டேக் எடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

புல்லில் கிடக்கும் பனி ரோட்டிலும் கிடக்கும் என்று நினைப்பது

மூணாறில் விழுவது உறைபனி. இமயமலையில் கொட்டுகிற பனிப்பொழிவு வேறு. மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதன்மேல் படியும் ஈரம் உறைந்து வெள்ளையாகிறது. தார் ரோடு பகல் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே இப்படி மூடிக்கொள்வதில்லை. வெயில் ஏறினால் புல்லில் இருப்பதும் போய்விடும்.

ஆக, விடியற்காலையில் கேப் ரோட்டிலோ தேவிகுளத்திலோ உங்கள் டயருக்கு அடியில் இருக்கப் போவது ஈரம். கண்ணுக்கு முன்னால் மூடுபனி. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் சேரும். இதற்கு வேண்டியது ஈரத்தில் பிடிக்கிற நல்ல சாதாரண டயர். ஸ்னோ டயர் வேண்டாம்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று ஸ்னோ டயர் வாங்குவது

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும், மார்கழியில் மூணாறு வீடுகளில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் கட்டியாவது போல. ஸ்னோ டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள் முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்கள்தான் பனியைக் கவ்வும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிச்செதிலும் பொறித்திருந்தால்தான் அது உண்மையான ஸ்னோ டயர். சேறுக்கும் பனிக்கும் என்று பொருள்படும் 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய எஸ்யூவி வண்டிகளின் சாதாரண டயரிலும் அது இருக்கும். ஜெர்மனியில் பனி படிந்த ரோட்டுக்கு 2024 அக்டோபரில் இருந்து அந்த எழுத்து மட்டும் போதாது, மலை முத்திரை வேண்டும்.

அந்த மென்மையான ரப்பரை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? தை மாதத்திலேயே தேனி, ஆண்டிபட்டி ரோடு மத்தியானத்தில் கொதிக்கும். பட்டன் குழைந்து சீக்கிரம் தேயும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். கம்பத்தில் இருந்து ஒரு தம்பி, வெளிநாட்டில் ஓடிய மலை முத்திரை டயர் நான்கை எங்கேயோ பழசாக வாங்கிக்கொண்டு வந்தார். ஆழமான பட்டன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

ரெண்டு டயர் மட்டும் வாங்கி, புதுசை முன்னால் போடுவது

மற்றதைக்கூட விட்டுவிடுவேன். இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குப் பொறுப்பதில்லை.

நம் பக்கம் ஓடும் சின்னக் கார்களில் முக்கால்வாசி முன்சக்கரம் இழுக்கிறவை. இழுப்பதும் அதுதான், திரும்புவதும் அதுதான், பிரேக்கில் பெரும்பங்கு வாங்குவதும் அதுதான். அதனால் முன் டயர்கள்தான் முதலில் தேயும். சீசனுக்கு முன் ரெண்டு டயருக்கு மட்டும் காசு இருக்கும். புதுசு ரெண்டையும் முன்னால் மாட்டிவிட்டு, பாதி தேய்ந்ததைப் பின்னாலேயே விட்டுவிடுவார்கள். கேட்டால், "எல்லா வேலையும் முன்னாடிதானண்ணே, புதுசு அங்கதான வேணும்?" என்பார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சிலரே இதைச் சொல்லித் தருகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

ஈர ரோட்டில் முன் டயர் பிடியை விட்டால் ஸ்டியரிங் லேசாகிப்போகும். திருப்பினாலும் வண்டி நேராக ஓடப் பார்க்கும். கைக்கு அது உடனே தெரியும். ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின் டயர் விட்டால் அப்படி எந்த முன்னறிவிப்பும் வராது. பின்பக்கம் வீசிக்கொண்டு வெளியே வரும்போதுதான் தெரியும். பயந்து பிரேக்கை மிதித்தால் இன்னும் சுற்றும். எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் ஒடித்து அதை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. நிமிர்த்த இடமும் வேண்டும். போடிமெட்டில் இருந்து முந்தலுக்கு இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

இறக்கத்தில் இன்னொன்றும் சேரும். பிரேக் போடப் போட வண்டியின் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். ஏற்கெனவே பட்டன் இல்லாத டயர், அதற்கு மேல் பாரமும் குறைவு. தேங்கிய தண்ணீரைப் பிளந்து தள்ள அதனால் முடியாது. தண்ணீர் மேலேயே மிதந்துவிடும்.

கார்த்திகை மாதம் ஒரு குடும்பம் மூணாறில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தூறல். வேகமும் இல்லை. வளைவில் பின்பக்கம் வீசி, தடுப்புச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பின் ஆக்சில் வளைந்து, ஒரு பக்கக் கதவு இரண்டும் உள்ளே போய்விட்டன. வண்டி எங்கள் கடைக்கு வந்தபோது அந்த அண்ணன் சொன்னார்: "போன வாரந்தான் புது டயர் போட்டேன், போட்டுமே வழுக்கிருச்சு." முன்னால் இருந்த இரண்டிலும் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. பின்னால் இருந்ததில், டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அளவுக் கட்டை பட்டனோடு மட்டமாக நின்றது. வண்டி வேலைக்கு ஆன செலவு, மிச்சம் பிடித்த இரண்டு டயரின் விலையைப் போல் பல மடங்கு.

புதுசு இரண்டு வாங்கினால் அது பின்னால் போக வேண்டும். பின்னால் இருந்த சுமாரானதை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரானாலும் பின்சக்கரம் இழுக்கும் ஜீப்பானாலும் இதுதான். மிஷெலின் போன்ற டயர் கம்பெனிகளும் இப்படித்தான் சொல்கின்றன. பின்னால் இருந்ததும் முன்னால் போடத் தகாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள். காசு இல்லையென்றால் இந்த வருஷம் பஸ்ஸில் போய் உறைபனி பாருங்கள், நான் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த தடவை இந்தச் சிக்கல் வராமலிருக்க, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

சட்டப்படி காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழையில் மெட்டு ஏறி இறங்க அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றச் சொல்வேன்.

பட்டனை மட்டும் பார்த்து வாங்குவது

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற டயரும் வயதாகி இறுகும், ஈரத்தில் பிடிக்காது. பத்து வருஷத்து டயரை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிடிப்புக் கூடும் என்று காற்றைக் குறைப்பது

கூடாது. டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் ஆறியிருக்கும்போது.

மணாலி, குல்மார்க் போகிறவர்கள் நான்கு ஸ்னோ டயர் தேடுவது

இங்கிருந்து காரிலேயே காஷ்மீர் போகிற கூட்டம் இப்போது அதிகம். 3,000 கிலோமீட்டருக்கு மேல் காய்ந்த தாரில் ஓடி, கடைசிக் கொஞ்ச தூரம்தான் பனி. அதற்காக ஸ்னோ டயர் வாங்குவது வீண். வாங்கியே தீருவேன் என்றால் நான்கும் வாங்குங்கள். முன்னால் மட்டும் போட்டால் மேலே சொன்ன கதைதான், பனியில் இன்னும் மோசமாக. பனி கொட்டும் நாட்களில் அங்கே போலீஸ் பல இடங்களில் நாலு வீலும் இழுக்கும் வண்டியையும், பனியில் வழுக்காமல் இருக்க டயரில் இரும்புச் செயின் சுற்றிய வண்டியையும்தான் மேலே விடும். உங்கள் டயர் அளவுக்குச் சரியான செயின் ஒரு செட் போதும். இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், மெதுவாக ஓட்ட வேண்டும், தார் தெரிந்ததும் கழற்ற வேண்டும். கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், சில கார்களில் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே செயினுக்கு இடமே இருக்காது. பழக்கம் இல்லாதவர்கள் மேலே போக உள்ளூர் டாக்சியைப் பிடிப்பது நல்லது.

ஸ்டெப்னி

அதன் வயதையும் பாருங்கள். டிக்கியைத் திறந்து அதற்கும் காற்றுப் பிடித்துவிட்டுக் கிளம்புங்கள். போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் நடுவே ராத்திரியில் பஞ்சர் கடை இருக்காது.