குக்கர் வாங்கினால் முத்திரைக்குக் கீழேயும் பாருங்கள்

பெரம்பூரில் இருக்கும் என் அக்கா ஆன்லைனில் பிரஷர் குக்கர் வாங்கினாள். பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர், விலையோ பாதி. திருப்பிப் பார்த்தேன். ஐஎஸ்ஐ முத்திரை பளிச்சென்று இருந்தது, ஆனால் அதற்கு மேலும் கீழும் ஒரு எண்கூட இல்லை. வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம்!

அசல் முத்திரைக்கு மேலே, குக்கருக்கான தர எண் ஐஎஸ் 2347 இருக்கும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். இதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரோடு அது ஒத்துப்போகவில்லையென்றால் அடுப்பில் ஏற்றாதீர்கள். செல்போன் சார்ஜர் என்றால், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண். பார்ப்பது அதே செயலியில்தான்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். அக்கா எடுக்கவில்லை, பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. விற்பவரின் பெயர், முகவரியை ஆன்லைன் விற்பனைத் தளம் காட்டியாக வேண்டும் என்பது 2020 மின் வணிக விதி. பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தளம் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னைவாசி சென்னை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ரசீதை மட்டும் பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.