அந்தமானில் ஏழு நாள்: திட்டத்தைக் கப்பலிலிருந்து தொடங்குங்கள்

நானும் என் கணவரும் அந்தமானுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை 2019 டிசம்பர் கடைசி வாரம். கட்டிய பணத்தில் ஒரு பகுதியும், ஏழு நாளில் ஒன்றரை நாளும், திரும்பி வரும் விமானமும் போயின. இரண்டாம் முறை 2024 பிப்ரவரியில், தை அமாவாசைக்கு மறுநாள் திருச்சியிலிருந்து கிளம்பினோம். இந்த முறை ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. இரண்டு பயணத்துக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். திட்டம் போட்ட வரிசை மட்டும்தான் வேறு. முதல்முறை போகும் தம்பதிகளுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். விமான டிக்கெட் எடுப்பது, அறை தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றுக்குள் போகவில்லை.

படி 1: தேதியைத் தினக்காலண்டரில் பாருங்கள்

மழைக்காலம் மே மாதத்திலேயே தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பரிலும் புயல் சின்னம் உருவாகலாம். கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. என்னைக் கேட்டால் பிப்ரவரி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாதத்தை முடிவு செய்ததும் அமாவாசையும் பௌர்ணமியும் எந்தத் தேதிகளில் வருகின்றன என்று பாருங்கள். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அங்குள்ள நீல் என்ற சிறிய தீவில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் நீர் வற்றினால்தான் திறக்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் நிலவொளி குறுக்கிடாத இரவும் கிடைக்கும். இருட்டில் கையை அளைந்தால் நீலமாக மினுங்கும் நீரை ஹேவ்லாக் தீவின் அலையாத்திக் காட்டுப் பக்கம் துடுப்புப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

படி 2: கப்பல்தான் முதலில்

முதல் பயணத்தில் எங்களைக் கவிழ்த்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விமானம் இறங்குவது போர்ட் பிளேரில். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட கடற்கரைகள் பெரும்பாலும் அங்கே இல்லை. அவை ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு தீவுகளில் இருக்கின்றன. அங்கே போகப் பெரும்பாலோருக்குக் கப்பல்தான் வழி. தனியார் விரைவுக் கப்பலில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரத்துக்குள். ஆக உங்களுக்குத் தேவை மூன்று டிக்கெட்: போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல், நீல்–போர்ட் பிளேர்.

நாங்கள் 2019இல் முதலில் விமானம் எடுத்தோம், பிறகு ஹேவ்லாக்கில் அறைக்குப் பணம் கட்டினோம். கப்பலை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். நம் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் போனால் ஏதாவது ஒரு வண்டி கிடைக்கும் அல்லவா, அந்த நினைப்பு. ஆண்டுக் கடைசி வாரம், மறுநாளைக்கு எந்தக் கப்பலிலும் இடம் இல்லை. பணம் கட்டிய அறை ஹேவ்லாக்கில் காலியாகக் கிடக்க, நாங்கள் போர்ட் பிளேரில் இன்னொரு அறைக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.

அது சின்ன அடி. பெரிய அடி கடைசி நாளில். நீல் தீவில் இரவு தங்கி, காலைக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, மதியம் விமானம் ஏறுவதாகத் திட்டம். காகிதத்தில் மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. விடியும்போதே தென்னை மட்டைகள் ஆடிய விதத்தைப் பார்த்து, "இன்னிக்குக் கப்பல் போறது கஷ்டம்" என்று விடுதிக்காரர் சொன்னார். ஜெட்டிக்குப் போனோம். காலைக் கப்பல் ரத்து. விமான டிக்கெட்டை மாற்றலாம் என்றால் கைபேசியில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அப்போது அந்தத் தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. ஜெட்டியில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, நாங்கள் ஏற வேண்டிய விமானம் கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தோம்.

அதனால் வரிசை இதுதான். போகும் வாரத்துக்குக் கப்பல் அட்டவணை வெளிவந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று கப்பல்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பொருந்துகிற மாதிரி விமானம், அதற்கும் பிறகுதான் அறை. விமானக் கட்டணம் ஏறிவிடும் என்று பயந்து அதை முதலில் எடுத்தாலும் சரி, கப்பல் கைக்கு வராமல் அறைக்கு முழுப்பணம் மட்டும் கட்டாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் தூங்க வேண்டும். "ஒரு இரவு வீணாகுதே" என்று தோன்றும். அது வீணே இல்லை. காற்று அடித்தால் கப்பல் நிற்கும், நம் விமானத்துக்காகக் கடல் காத்திருக்காது.

மக்ரஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் என்று தனியார் கப்பல்கள் பல ஓடுகின்றன. ஒரு வழிக்கு ஒருவருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அரசுக் கப்பலில் அதைவிட மிகக் குறைவு. ஆனால் அரசுக் கப்பல்தான் தீவுவாசிகள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வழி, இடம் முதலில் அவர்களுக்குப் போவதுதான் நியாயம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள், தளத்தில் நின்று காற்று வாங்கலாம். தனியார் கப்பலில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் குளிர்சாதன இருக்கைதான். குமட்டல் வருகிறவர்கள் மேல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இருக்கை கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போடுங்கள். கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் இல்லை.

*பின்சேர்க்கை:* இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே குழப்பத்தை எழுதியிருந்தார்கள். ஹேவ்லாக்குக்குப் பணம் கட்டினால் டிக்கெட்டில் "சுவராஜ் தீவு" என்று வருகிறதே என்று. 2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்குச் சுவராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷாஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. எல்லாம் அதே இடங்கள்தான். பேச்சில் இன்னும் பழைய பெயர்களே ஓடுகின்றன. தனியார் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்தும் அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்தும் கிளம்பும். ஆட்டோக்காரரிடம் எந்தத் துறை என்பதைச் சொல்லி ஏறுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

படி 3: ஏழு நாளைப் பிரிப்பது

எங்களுக்குச் சரியாக அமைந்தது: முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக், ஒரு இரவு நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர், ஏழாம் நாள் விமானம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகையையும் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் போகவில்லை. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துப் போகும் சாலையில் வரிசை வண்டிகளில் போக வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அவர்களுடைய வீட்டு வாசல் வழியாகச் சுற்றுலா போக எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

படி 4: கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள்

கைக்கடிகாரத்தை இல்லை, உங்கள் பழக்கத்தை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், ஆனால் அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. திருச்சியைவிட அங்கே சூரியன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே எழுந்து முன்பே மறைகிறது. டிசம்பர் கடைசியில் திருச்சியில் ஆறு மணிக்கு மறையும் சூரியன் ஹேவ்லாக்கில் ஐந்து மணிக்கே போய்விடும். முதல் பயணத்தில் ராதாநகர் கடற்கரைக்கு ஐந்தரைக்குப் போய் நின்றோம். எதிரே கூட்டம் துண்டை உதறிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் முறை நான்கு மணிக்கே மணலில் உட்கார்ந்துவிட்டோம். பிப்ரவரியில் ஐந்தரை மணியை ஒட்டி மறைந்தது. சூரியன் போன இடத்துக்கு மேலே, வானம் இன்னும் செம்மண் நிறத்தில் இருக்கும்போதே, நூல் மாதிரி பிறை தெரிந்தது. இவர் "அங்க பாரு" என்று கையைப் பிடித்துத் திருப்பினார். மூன்றாம் பிறை பார்க்கக் கடலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எனவே காலை ஐந்து மணிக்கு எழுங்கள், இரவு ஒன்பதுக்குள் தூங்குங்கள். தீவில் கடைகளும் சீக்கிரமே சாத்திவிடும்.

படி 5: ஹேவ்லாக்கில்

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள், டாக்ஸி வேண்டாம். நாங்கள் கொடுத்தது நாளுக்கு 500 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தின் அசலைக் கொண்டுபோங்கள். ஜெட்டியிலிருந்து ராதாநகர் 12 கிலோமீட்டர், வழியெல்லாம் பாக்குத் தோப்பும் வயலும். இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். சாலையோரக் கடையில் மீன் குழம்பும் சோறும் கேட்டுப் பாருங்கள், கடுகெண்ணெய் வாசனையோடு வரும்.

மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் பிடித்தே கூட்டிப்போவார். எனக்கு நீச்சல் தெரியாது, போனேன். ஆனால் ஆஸ்துமா, காது வலி, சளி இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மூழ்கிவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது, உடலில் கரைந்த வாயு வெளியேற நேரம் வேண்டும். ஒரு முழு நாளாவது இடைவெளி விடுங்கள். நாங்கள் ஸ்கூபாவை மூன்றாம் நாளில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

உயிர்காப்பாளர் இல்லாத இடத்திலும், முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் இறங்காதீர்கள். உப்புநீர் முதலை அங்கே நிஜமாகவே உண்டு.

படி 6: நீலில் நீர் வற்றும் நேரம்

லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் பாறை வளைந்து பாலம் மாதிரி நிற்கும். வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்றே சொல்வார்கள். கடல் ஏறியிருக்கும்போது போனால் வழியெல்லாம் தண்ணீர். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறுக்கு வற்றம் என்றால் நாளை ஏழுக்குச் சற்று முன். விடுதியில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். அதை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடுங்கள்.

நாங்கள் ஆறாம் நாள் காலை ஏழு மணியை ஒட்டி அங்கே இருந்தோம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு வெறும் பாறைக்குழி, அவர் குனிந்து காட்டினால் உலகம். முழங்கால் ஆழக் குழியில் கறுப்பாகக் கடல் அட்டை கிடந்தது. பக்கத்தில் பாறையில் பதிந்த ராட்சதச் சிப்பி, வாய் ஓரம் முழுக்க மயில்கழுத்து நீலம். எங்கள் நிழல் விழுந்ததும் அந்த நீலம் மெதுவாகச் சுருங்கி உள்ளே போனது. நிழல் விலகியதும் மறுபடி விரிந்தது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரப்பர் செருப்பு வழுக்கும், குதிகாலில் பட்டை உள்ள செருப்பே சரி. உயிருள்ள பவளத்தை மிதிக்காதீர்கள்.

படி 7: பையில்

தண்ணீர் புகாத பை ஒன்று, வாயைச் சுருட்டிப் பூட்டுகிற வகை. பணமாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும், தீவுகளில் ஏடிஎம் குறைவு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் வெகுவாகத் தேறியிருக்கிறது, ஆனாலும் டிக்கெட்டை அச்செடுத்து வையுங்கள். கைபேசி செயலிகள் எத்தனையோ முயன்றேன். மூன்று கப்பல், இரண்டு விமானம், வற்றும் நேரம் எழுதிய ஒரே தாளைத்தான் வழி முழுக்கப் பார்த்தேன்.

படி 8: கடைசி மாலை

நீலிலிருந்து மதியக் கப்பலில் போர்ட் பிளேர் வந்துவிட்டால் மாலையில் செல்லுலார் சிறையின் ஒளி-ஒலிக் காட்சிக்கு நேரம் இருக்கும். ஏழு கிளைகளாகக் கட்டி 1906இல் முடித்த சிறை, இன்று மூன்று கிளைகள் நிற்கின்றன. பகலில் அறைக்குள் நின்று பார்த்துவிட்டு இரவில் காட்சிக்குப் போவது நல்லது. நாங்கள் முதல் நாளே பகலில் பார்த்துவிட்டோம். ஊரில் தமிழ் நிறையக் காதில் விழும். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம். வாசலில் பூ விற்ற அம்மா "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

*பின்சேர்க்கை:* கடற்கரையில் மகள் பொறுக்கிய சங்கையும் பவளத் துண்டுகளையும் விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள், குழந்தை அழுதாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பவளத்துக்கும் பல வகைச் சங்கு சிப்பிகளுக்கும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மணலில் செத்துக் கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. துறவி நண்டு வீடு தேடும்போது அந்தக் காலிச் சங்குக்குள்தான் குடியேறும். குழந்தைகளிடம் அதை மணலிலேயே காட்டிவிடுங்கள், கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.