திறமையா, உயரமா? கேலிக் கால்பந்தில் பள்ளிகள் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்தில் மேல்நிலைப் பள்ளியின் முதல் வருடத்தில் சேரும் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கால்பந்துப் பெயர் உள்ள பெரிய பள்ளி என்றால் செப்டம்பரிலேயே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கும்: கேலிக் கால்பந்து அணித் தேர்வு, பூட்ஸோடு வரவும். அறுபது பேர் போகிறார்கள் என்று வையுங்கள். அடுத்த வாரம் முப்பது பெயர்கள் வரும். பெயர் வராத பிள்ளைகளில் பலர் அதற்கப்புறம் பள்ளி மைதானத்தின் பக்கமே போவதில்லை. இங்கே பேசப்போகும் தவறுகளில் பாதி அந்த ஒரு தாளிலேயே தொடங்கிவிடுகின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் கொண்டுபோகலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் நடக்கக் கூடாது. தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், அல்லது கால்விரலால் மேலே தட்டித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது. வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி; குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1. 2025 முதல், கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவில் உள்ள வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே போட்டால் 2. 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்ற அமைப்பு இதை நடத்துகிறது. டப்ளினில் 82,000 பேருக்கு மேல் உட்காரும் குரோக் பார்க் அரங்கம் இதற்கென்றே இருக்கிறது. அங்கே ஆடும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) அணி வீரருக்குக்கூடச் சம்பளம் கிடையாது, செலவுத்தொகை மட்டும்தான்.

‘ஆள் பிடிப்பது’ என்ற நினைப்பு

முதலில் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். அயர்லாந்தில் ஒரு பிள்ளையின் முதல் அணி அவன் ஊர் கிளப்தான். கிளப்புகளின் எல்லை பெரும்பாலும் தேவாலயப் பங்குகளின் (பாரிஷ்) எல்லையை ஒட்டியே அமைந்தது. பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கிளப். பின்னால் மூத்தோர் (சீனியர்) அணியில் ஆடப்போவதும் அதற்காகத்தான். பள்ளி நடுவில் ஐந்தாறு வருடம் மட்டும் அவனை வைத்திருக்கிறது. இதை மறந்து ‘எங்கள் பையன்’ என்று உரிமை கொண்டாடத் தொடங்கும் பள்ளி, கிளப்போடும் கவுன்டியோடும் மல்லுக்கட்டத் தொடங்கிவிடும். இழுபறியில் கிழிவது பையன்.

அப்புறம், ஆட்டத்தைப் பார்த்து இடம் கொடுப்பதற்குச் சட்டத்திலும் வழியில்லை. அயர்லாந்துக் குடியரசில் 2018ஆம் ஆண்டுப் பள்ளிச் சேர்க்கைச் சட்டம், பிள்ளையின் படிப்புத் திறன், வேறு திறமைகள் ஆகியவற்றை அளவுகோலாக வைத்துச் சேர்ப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. வட அயர்லாந்தில் கதை வேறு. அங்கே கிராமர் பள்ளிகளில் பலவும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. பந்தைப் பற்றி அந்தத் தேர்வில் கேள்வி வராது. ஆகவே ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பையனின் அப்பாவிடம் போய் ‘எங்களிடம் வந்தால் அணியில் இடம் நிச்சயம்’ என்று காதில் ஓதுவது பொய் வாக்குறுதிதான். பதினோரு வயதுப் பிள்ளை எப்படி வளரும் என்று யாருக்குத் தெரியும்?

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் வருடம் முழுக்கப் போய்ப் பயிற்சி கொடுப்பது, தன் மைதானத்தை ஒருநாள் போட்டிகளுக்குத் திறந்துவிடுவது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பின்னால் தன்னிடம் சேருகிறார்கள் என்று கணக்குப் பார்க்காத பள்ளிக்குத்தான் கடைசியில் பெயர் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய விடுதிப் பள்ளிக் காலத்தை வைத்து இன்றைக்குத் திட்டம் போடுவதும் வீண். கால்வே கவுன்டியில் டூயம் ஊரின் செயின்ட் ஜார்லத்ஸ் கல்லூரி, அகில அயர்லாந்துப் பள்ளிகளின் ஹோகன் கோப்பையை 12 முறை வென்றது. பையன்கள் விடுதியிலேயே தங்கிய காலத்தில் மாலை முழுக்க மைதானம் அவர்களுடையது. விடுதி மூடியாகிவிட்டது. இன்றைய பையன் நாலு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பழைய கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் காட்டி அதே பயிற்சி நேரத்தைக் கேட்கும் ஆசிரியர்கள் இந்தப் பேருந்து விஷயத்தைக் கவனிப்பதே இல்லை.

சீக்கிரம் வளர்ந்தவனைத் திறமைசாலி என்று நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு நடுவே ஒரு தலை உயரம் வித்தியாசம் இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. கேலிக் கால்பந்தில் உடம்போடு உடம்பு மோதும், உயரத்தில் வரும் பந்தை எம்பிப் பிடிக்க வேண்டும். முதல் தேர்வு நாளில் பெரிய பையன்தான் கண்ணில் படுவான். அவனைத் தேர்ந்தெடுத்தவரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அவன்தான் நன்றாக ஆடினான்.

இதற்கு மேல் பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. கிளப்பிலும் கவுன்டியிலும் வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன விஷயமில்லை. பெரியவனுக்குக் கூடுதல் ஆட்டம், கூடுதல் ஆட்டத்தால் கூடுதல் தன்னம்பிக்கை, அதைப் பார்த்து மாவட்ட முகாமுக்கு அழைப்பு என்று வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகும். பள்ளிக்கு வரும்போது யார் ‘நல்ல ஆட்டக்காரன்’ என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பள்ளி செய்வதெல்லாம் அந்த முடிவுக்கு ஒரு முத்திரை குத்துவது.

கெர்ரி கவுன்டியின் கிளிஃபோர்ட் சகோதரர்களைப் பாருங்கள். தம்பி டேவிட், கில்லார்னியின் செயின்ட் பிரெண்டன்ஸ் கல்லூரிக்காக 2016இல் ஹோகன் கோப்பை வென்றார். அடுத்த ஆண்டு, அப்போது 18 வயதுக்குட்பட்டோருக்கான கெர்ரி மைனர் அணியின் தலைவராக அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் 4 கோலும் 4 புள்ளியும் போட்டார். பதினெட்டு வயதில் நாடே அவரைப் பற்றிப் பேசியது. அண்ணன் பாடி கெர்ரி மூத்தோர் அணியில் நிலையாக இடம்பிடித்தது இருபதுகளின் நடுவில்தான். 2021இல் ஆண்டின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவராக ஆல் ஸ்டார் விருது வாங்கினார். ஒரே வீடு, ஒரே ஃபோசா கிளப். பள்ளிகள் எல்லாம் டேவிட்டைத் தேடுகின்றன. பாடி மாதிரிப் பையன் பெயர் வராத முப்பது பேரில் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார்களா?

அதே கெர்ரியில் கீரன் டொனஹி கூடைப்பந்திலும் காலூன்றியவர். 2006இல், இருபத்து மூன்று வயதில், நடுக்களத்திலிருந்து முன்னணிக்கு மாற்றப்பட்டு அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பதின்மூன்றில் கணித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதையெல்லாம் விதிவிலக்கு என்பார்கள். இத்தனை விதிவிலக்கு இருந்தால் விதியின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. முதல் வருடத்தில் யாரையும் வெளியேற்றாதீர்கள். அறுபது பேர் வந்தால் ஏ, பி, சி என்று அணி போடுங்கள், பி அணிக்கும் ஒழுங்காக ஆட்டங்கள் ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்லோருக்கும் புதிதாகத் தேர்வு வையுங்கள், போன வருடப் பட்டியலை மேசைமேல் வைக்காமல். பன்னிரண்டு வயதுக்குள் ஜி.ஏ.ஏ.யே ‘கோ கேம்ஸ்’ என்ற பெயரில் சிறிய அணிகள், எல்லோருக்கும் முழு ஆட்டம், கோப்பை வெறி இல்லாத முறை ஒன்றை நடத்துகிறது. அதிலிருந்து வரும் பிள்ளையை மூன்றே மாதத்தில் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்காரவைத்துப் பழக்குவது என்ன நியாயம்?

ஆசிரியர்கள் தரப்பில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கூடுதல் ஊதியம் இல்லாமல், பள்ளி மணி அடித்தபிறகு மழையில் நிற்பவர்கள். மூன்று அணிக்கு மூன்று பேர் வேண்டும். பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான் கால்பந்தைத் தாங்குகிறார், அவர் மாற்றலாகிப் போனால் கால்பந்தும் கூடவே போய்விடுகிறது. பெற்றோரையும் பழைய மாணவர்களையும் உதவிக்கு இழுக்காத பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கும். அப்படி வருகிறவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். ‘தெரிந்தவர்தானே’ என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

உயரமானவனை நடுவில் நிறுத்திவிட்டு மறப்பது

பெரிய பையனுக்கும் இதில் நஷ்டம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பதின்மூன்றில் அவனை நடுக்களத்தில் நிறுத்துவார்கள். வரும் பந்தையெல்லாம் எம்பிப் பிடிப்பான், எதிரே நிற்பவனை இடித்துக்கொண்டு ஓடுவான், வலது காலால் உதைப்பான். இடது காலால் உதைக்க அவனுக்குத் தேவையே வராது. பதினாறில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது கையிருப்பில் ஒன்றும் இருக்காது. இரண்டு காலாலும் உதைப்பது, இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக் கொடுப்பது, ஓடிக்கொண்டே கால்விரலால் தட்டி எடுப்பது, இவையெல்லாம் பதினைந்துக்குள் படிய வேண்டியவை. எல்லோரையும் எல்லா இடத்திலும் ஆடவிட்டால் சில ஆட்டங்கள் தோற்கும். தோற்கட்டும்.

பயிற்றுநர்கள் பழைய பாடத்தையே நடத்துவதும் இப்போது ஒரு சிக்கல். கிட்டத்தட்ட பத்து வருடம் மூத்தோர் ஆட்டம் முழுக்க ஹேண்ட்பால் போல ஆகியிருந்தது: பின்னால் பதினான்கு பேர், பக்கவாட்டில் கையால் தட்டிக்கொண்டே நகர்வது. 2025இல் வந்த விதிகளின்படி ஒவ்வோர் அணியும் மூன்று பேரை எதிரணிப் பாதியில் வைத்திருக்க வேண்டும், கோல்காப்பாளர் உதைக்கும் பந்து 40 மீட்டர் வளைவைத் தாண்ட வேண்டும். நீண்ட உதையும் உயரப் பிடிப்பும் திரும்ப வந்துவிட்டன. இன்றைக்கு முதல் வருடத்தில் இருக்கும் பையன் ஆடப்போவது இந்த ஆட்டத்தை.

ஒரே உடம்பை நான்கு பேர் பங்கு போடுவது

பதினேழு வயதில் நன்றாக ஆடும் ஒருவனுக்குப் பள்ளி அணி, கிளப் இளையோர் அணி, கவுன்டி மைனர் அணி எல்லாம் உண்டு. சில ஊர்களில் கிளப் மூத்தோர் அணியும் ஆள் போதாமல் கூப்பிடும். மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் என்ற ஆட்டமும் ஆடுகிறவன் என்றால் இதையெல்லாம் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்றுநரும் ‘வாரத்துக்கு இரண்டு நாள்தானே கேட்கிறேன்’ என்பார். பள்ளிப் போட்டிகள் இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வரை, சேறு கனத்த மைதானத்தில் நடக்கும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வரும், கொஞ்சம் பெரியவர்களுக்கு இடுப்பு, தொடை இடுக்கு. ‘தாங்கிக்கொள், சனிக்கிழமை அரையிறுதி’ என்ற வார்த்தை எத்தனை பையன்களின் இருபதாவது வயதைத் தின்றிருக்கிறதோ.

மைனர் வயது 2018இல் 18இலிருந்து 17ஆகக் குறைக்கப்பட்டதற்கு லீவிங் சர்ட் என்ற பள்ளி இறுதித் தேர்வின் அழுத்தமும் ஒரு காரணம். விதி மாறினால் போதாது. பையனைத் தினமும் நேரில் பார்க்கும் ஒரே பெரியவர் பள்ளி ஆசிரியர்தான். அவர் கிளப்புக்கும் கவுன்டிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, இந்த வாரம் இவன் எத்தனை முறை ஓடினான் என்று கேட்டுவிட்டுப் பயிற்சியைக் குறைக்கலாம். வீம்பு பார்க்காமல் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், போதுமான அளவுக்கு இல்லை. ‘ஜி.ஏ.ஏ. 15’ என்ற கால்மணி நேர வார்ம்-அப் முறை காயங்களைக் குறைக்கவே உருவாக்கப்பட்டது. அதை விட்டுவிட்டு மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆஸ்திரேலியாவின் சம்பளக் கால்பந்துக்குப் போகும் ஆசையையும் இங்கேயே சொல்லிவிடலாம். டப்ளினிலிருந்து 1984இல் மெல்பர்ன் போன ஜிம் ஸ்டைன்ஸ் 1991இல் அந்த நாட்டுக் கால்பந்தின் உயரிய பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். கெர்ரியின் டைக் கென்னலி 2005இல் சிட்னி அணியோடு பட்டம் வென்று, ஊர் திரும்பி 2009இல் அகில அயர்லாந்துப் பட்டமும் வென்றார். கதை கேட்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே போனவர்களில் பலர் சில வருடங்களில் திரும்பியவர்கள். பள்ளி இதைத் தன் விளம்பரமாக ஆக்கினால், படிப்பை விட்டுவிடத் தயாராகும் பதினேழு வயதுப் பையனுக்கு அப்புறம் யார் பதில் சொல்வது?

கிளப் இல்லாமல் வரும் பிள்ளை

அணித் தேர்வில் முதல் கேள்வியே ‘எந்தக் கிளப்?’ என்று இருந்தால், வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளை அங்கேயே பின்வாங்கிவிடும். டப்ளினின் ஜேசன் ஷெர்லாக்கின் அப்பா ஹாங்காங்காரர். 1995இல் டப்ளின் அகில அயர்லாந்து வென்றபோது நாட்டின் செல்லப்பிள்ளை அவர். வெஸ்ட்மீத் அணிக்கு ஆடிய போய்டு சாயே பிறந்தது லைபீரியாவில். இப்படிப்பட்டவர்களுக்குப் பள்ளி பெரும்பாலும் முதல் கதவு, சில நேரம் ஒரே கதவு.

பெண்கள் அணிக்கும் இதே பேச்சுத்தான், கூடுதலாக ஒரு புறக்கணிப்பு: மைதானமும் நல்ல பயிற்சி நேரமும் பையன்களுக்குப் போனபிறகு மிச்சம் இவர்களுக்கு. பெண்கள் கேலிக் கால்பந்துக்கு 1974 முதல் தனி அமைப்பே உண்டு. பந்து சற்றுச் சிறியது, தரையிலிருந்து நேராகக் கையால் எடுக்கலாம். பையன்களின் பயிற்சித் திட்டத்தை அப்படியே நகலெடுத்தால் இந்த வேகமான ஆட்டம் அதில் வராது.

அயர்லாந்தில் குடியிருக்கும் நம் ஊர்ப் பெற்றோர் இப்போது நிறையப் பேர். பள்ளியின் அறிமுக மாலையில் கோப்பை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்காமல், முதல் வருடத்தில் எத்தனை அணி போடுகிறீர்கள், பி அணிக்குப் போன வருடம் எத்தனை ஆட்டம் கிடைத்தது, இதுவரை ஆடாத பிள்ளை வரலாமா என்று கேளுங்கள். வரலாம் என்றால் பூட்ஸும் பல் காப்பும் வாங்கினால் போதும். பல் காப்பு எல்லா வயதினருக்கும் கட்டாயம், அது இல்லாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள்.