பேஸ் கிற்றாரில் புதிய பிரீஆம்ப் பொருத்துவது எப்படி?

மரமும் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) நன்றாக இருந்து ஒலி மட்டும் மந்தமாக இருந்தால், கிற்றாரை விற்க வேண்டாம். உள்ளே இருக்கும் பிரீஆம்பை, அதாவது பிக்கப்பின் சத்தத்தைப் பற்றரியில் கூட்டிச் சீர்செய்யும் சின்னச் சுற்றை, மாற்றினாலே போதும். ஈயம் வைக்கப் பழகியவர் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

காசு கொடுக்கும் முன்னர் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமான் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பிழையானது வந்தால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. முதலில் பார்க்க வேண்டியது பிக்கப். அது பற்றரி தேவைப்படாத சாதாரண பாசிவ் வகை என்றால் வொல்யூம் குமிழும், இரண்டு பிக்கப்பையும் கலக்கும் பிளெண்ட் குமிழும் 250 அல்லது 500 கிலோ ஓமில் இருக்க வேண்டும். இஎம்ஜி கம்பனியினுடையது போன்ற, பற்றரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் என்றால் 25 கிலோ ஓம். பாசிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் போட்டால் மேல் சுருதிகள் அமுங்கி, போர்வைக்குள் வாசிப்பது போலக் கேட்கும்.

அடுத்தது அளவு. குழியின் ஆழத்தை அளந்து, பற்றரிக்கும் இடம் விடுங்கள். மலிவான ஆசியத் தயாரிப்புகளில் குமிழ்த் துளை சிறியதாக இருக்கலாம். அமெரிக்கக் குமிழ்களுக்கு ஏறக்குறைய 9.5 மில்லிமீற்றர் வேண்டும். துளையைப் பெரிதாக்க ட்ரில் பிடிக்காதீர்கள், பெயின்ட் உரிந்துவிடும். வட்ட அரத்தால் மெல்ல மெல்ல ராவுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பற்றரியைக் கழற்றிவிட்டு, பழைய வயரிங்கை நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி மாறும். கூடவே வரும் வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும். கம்பிகள் தங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயரை அறுத்துவிடாதீர்கள், புதிய எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

40 வாட் சோல்டரிங் அயன் போதும். வயரையும், அதை ஒட்டவேண்டிய உலோகக் காலையும் ஒன்றாகச் சூடாக்கி, ஈயத்தை அந்தச் சூட்டில் உருக விடுங்கள். பளபளவென்று படிந்தால் நல்ல ஒட்டு. சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் திரும்பச் சூடாக்குங்கள்.

பலரும் தடுமாறுவது கேபிள் செருகும் ஜாக்கில்தான். ஸ்டீரியோ ஜாக்கில் மூன்று கால் உண்டு. நுனிக்கால் சத்தத்துக்கு, உடல்கால் எர்த்துக்கு, நடுவளையக்கால் பற்றரியின் கறுப்பு வயருக்கு. சாதாரண மோனோ கேபிளைச் செருகியதும் வளையமும் உடலும் தொட்டு, பிரீஆம்புக்குக் கரண்ட் போகும். கறுப்பு வயரை நேரே எர்த்தில் வைத்தால் சத்தம் வரும், ஆனால் பற்றரி இரவுபகலாகக் கரையும். ஆகவே மூடியைப் போடுமுன், மல்ரிமீற்றரை மில்லிஅம்பியரில் வைத்து, கறுப்பு வயரைப் பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் நடுவே பிடியுங்கள். கேபிள் செருகியிருந்தால் பொதுவாக ஒன்றிரண்டு மில்லிஅம்பியர், கழற்றினால் பூச்சியம்.

அப்புறம் அம்பிளிஃபயரில் போட்டு, கம்பிகளைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த்தில் எங்கோ பிழை.

18 வோல்ட் தாங்கும் பிரீஆம்ப் என்றால் இரண்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடராக இணைக்கலாம். அடித்து வாசிப்பவர்களுக்கு உடையாத ஒலி கிடைக்கும், மற்றவர்களுக்கு ஒன்றே தாராளம். குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஜாக் சீக்கிரம் களிம்பு பிடிக்கும், இடையிடையே கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கள். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.