பெலஃபாண்டேயின் 'கலிப்ஸோ': கேட்பவர்கள் தவறும் இடங்கள்

ஹாரி பெலஃபாண்டே பாடி 1956-இல் வெளிவந்த 'கலிப்ஸோ', அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. கரீபியன் நாட்டுப்புற இசை பலர் வீட்டு வரவேற்பறைக்குள் முதன்முதலில் நுழைந்தது அந்த இசைத்தட்டோடுதான். குழப்பங்களும் கூடவே நுழைந்தன.

முதலாவது, அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடுவது. கலிப்ஸோ என்ற பாட்டுவகை கரீபியன் தீவான டிரினிடாட்டின் சரக்கு. ஊர்வம்பு, அரசியல் நக்கல், பாடகருக்குப் பாடகர் சவால் என்று கார்னிவல் காலத்தில் களைகட்டும். இந்தத் தட்டில் பெயர்பெற்ற பாட்டுகளோ ஜமைக்கா பக்கம் சாய்பவை. அங்கே அந்த நாட்டுப்புற வகைக்கு மென்டோ என்று பெயர். 'கலிப்ஸோ அரசன்' என்ற பட்டத்தை பெலஃபாண்டேயே ஏற்கவில்லை.

இதைவிடப் பெரிய பிழை, இந்தத் தட்டில் வரும் 'டே-ஓ'வைக் கடற்கரை உல்லாசப் பாட்டாகக் கேட்பது. விருந்துகளில் அதற்கு இடுப்பை ஆட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ராத்திரி முழுக்க வாழைத்தார் சுமந்து கப்பலில் ஏற்றியவர்களின் பாட்டு அது. விடிந்துவிட்டது, கணக்கப்பிள்ளை வந்து தாரை எண்ணினால்தான் வீட்டுக்குப் போகலாம். தாருக்குள் கொடிய கறுப்புச் சிலந்தி ஒளிந்திருப்பதும் பாட்டிலேயே வருகிறது. தொடக்கத்தில் நீளும் அந்தக் கூவலைக் கொஞ்சம் ஒலி கூட்டிக் கேளுங்கள். பிறகு ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் வீட்டுக்குப் போகணும் என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். உடம்பு அசந்துபோனவர்களின் குரல் அது.

எல்லாமே எழுதியவர் பெயர் தெரியாத பழம்பாட்டுகள் என்று நினைப்பதும் சரியல்ல. 11 பாட்டுகளில் 8-இல் லார்டு பர்ஜெஸ் என்ற இர்விங் பர்ஜியின் கை இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், தாய் கரீபியன் தீவான பார்படாஸ்காரர். (பின்னாளில் பார்படாஸ் தேசிய கீதத்தின் வரிகளை எழுதியதும் இவர்தான்.) 'டே-ஓ'வோ முன்பே ஜமைக்காவில் புழங்கியது, டிரினிடாட்டின் எட்ரிக் கானர் 1952-லேயே அதன் ஒரு வடிவத்தைப் பதிவுசெய்திருந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, 'அப்போ இது போலி' என்று தூக்கிப்போடுவது இன்னோர் அவசரம். பெலஃபாண்டே நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தாலும் சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தவர். அமெரிக்கக் காதுக்குப் பிடிபடும்படி உச்சரிப்பை இளக்கினார், உண்மைதான். பாட்டின் வலியை இளக்கவில்லை. இதே தட்டின் 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' தாலாட்டுப்போலக் குழைகிறது. கப்பலேறிப் போகிற ஒருவன், திரும்பி வராவிட்டால் வீட்டிலேயே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகும் பாட்டு அது.