பெயர் மட்டும் மிஞ்சிய மனிதரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் என்றதும் தில்லையாடி வள்ளியம்மை நினைவுக்கு வருவார். அவருக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு முன்பே, 1909 ஜூலையில், அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று இறந்த நாகப்பனைப் பற்றிக் கேட்டால் பலரும் விழிப்பார்கள். கூகுளில் 'நாகப்பன்' என்று தட்டினால் எவரெவரோ வருவார்கள், அவர் வரமாட்டார். இப்படிப்பட்ட ஒருவரைத் தேடும் முறையை, அவரையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: யார் எழுதி வைத்திருப்பார்?

சாமானியருக்கு யாரும் சரித்திரம் எழுதுவதில்லை. ஆனால் வரி வசூலித்தவர், கப்பலேற்றியவர், சிறையில் அடைத்தவர், ஞானஸ்நானம் கொடுத்தவர், பத்திரம் பதிந்தவர் ஆகியோர் பெயரைக் குறிக்காமல் விட்டதில்லை. ஆகவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஊர், என்ன தொழில், எந்தச் சமயம், கடல் கடந்தாரா, வழக்கில் சிக்கினாரா, நிலம் வாங்கினாரா? நாகப்பனுக்கு விடை எளிது. சிறை, பத்திரிகை, கல்லறை.

தேடப்படுபவர் புலவர் என்றால் உங்கள் பாடு இன்னும் எளிது. 'பாவலர் சரித்திர தீபகம்' (1886), 'அபிதான சிந்தாமணி' (1910) இரண்டையும் முதலில் புரட்டிவிடுங்கள்.

படி 2: பெயரைக் கெடுத்துப் பாருங்கள்

தொடக்கநிலையில் பலரும் தோற்பது இங்கேதான். நமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடிவிட்டு, 'ஒன்றும் இல்லை' என்று எழுந்துவிடுகிறோம். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முனுசாமி 'மூன்சாமி' ஆனார். நாகப்பனும் ஓரிடத்தில் 'சாமி நாகப்பன்', வேறிடத்தில் 'சுவாமி நாகப்பன்', இன்னோரிடத்தில் படையாச்சி என்ற பின்னொட்டோடு வருகிறார். பத்து வடிவங்களாவது எழுதி, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தந்தையின் பெயரைத் தனியாகவும் தேடுங்கள். பல பதிவேடுகளில் மகனைவிட அது நன்றாகப் பிழைத்திருக்கும்.

படி 3: பழைய பத்திரிகைகள்

காந்தி நடத்திய 'இந்தியன் ஒபீனியன்' இதழ் 1903இல் டர்பனில் தொடங்கியது, முதலில் தமிழ்ப் பகுதியும் அதில் இருந்தது. காந்தியின் தொகுப்பு நூல்கள் 100 தொகுதிகளும் இணையத்தில் இலவசமாக உள்ளன. தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றி அவர் எழுதிய நூலில் நாகப்பனுக்குச் சில வரிகள் உண்டு: அதிகாலைக் குளிரில் சாலை வேலை செய்யவைத்ததில் நிமோனியா கண்டது, விடுதலையானதும் இறந்தார். சில வரிகள்தான். ஆனாலும் ஆண்டு, மாதம், நோய், காரணம் நான்கும் அவற்றில் கிடைத்துவிடுகின்றன.

உங்கள் ஆள் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனவர் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தைப் பாருங்கள். பழைய தமிழ் அச்சைக் கணினி தப்பும் தவறுமாகவே படிக்கும். தேடலை நம்பாமல், தேதியை வைத்து ஏட்டைப் புரட்டுவதே மேல்.

படி 4: பதிவேடுகள்

1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கப்பல் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. எண், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை குறித்திருக்கிறார்கள். புகைப்படமே இல்லாத முப்பாட்டனின் தழும்பு மட்டும் நமக்குக் கிடைப்பது விசித்திரமான அனுபவம். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன.

இலங்கைத் தமிழர் என்றால் 'நூலகம்' என்ற பெயருடைய வலைத்தளத்தின் நினைவு மலர்களைத் தவறவிடாதீர்கள். இறந்தவரின் குடும்பம் வெளியிடும் அச்சிறு மலர்களில் வம்சாவளியே இருக்கும்.

தமிழ்நாட்டிலேயே வாழ்ந்தவருக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதற்கு முன் வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற தொடக்கத்தில் ஒரு தலைமுறை கிடைக்கும். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரத்தில் நாலு பக்கத்து நிலக்காரர்களின் பெயர் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் மைத்துனரோ பங்காளியோதான்!

படி 5: ஆண்டுக் கணக்கு

பத்திரத்தில் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) 1300 என்றிருந்தால் 590 கூட்டுங்கள், 1890 வரும். பசலி ஜூலையில் தொடங்குவதால் அடுத்த ஆண்டின் பாதியும் அதில் அடங்கும். கொல்லம் ஆண்டுக்கு ஏறக்குறைய 825 கூட்ட வேண்டும். 'ஆனந்த வருடம்' என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை: 1854, 1914, 1974 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

படி 6: அதே ஆள்தானா?

ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே கப்பலில் போயிருப்பார்கள். பெயரோடு தந்தை, ஊர், வயது இவற்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்தும் வரை உறவு கொண்டாடாதீர்கள். எங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் குறித்து வையுங்கள். நான் அதைக் குறிக்காததால் ஒரே பதிவேட்டை இருமுறை புரட்டியிருக்கிறேன்.

படி 7: கல்

நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் நினைவுக்கல் உண்டு. 1914 ஜூலை 15 அன்று நடந்த திறப்பில் காந்தி கலந்துகொண்டார். சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறார், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் குறையும். தேய்ந்த கல்லைச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்க்காதீர்கள், எழுத்து இன்னும் சிதையும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். நண்பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்து தெரியும்.