ஏடு தொடங்க ஓலை தயார் செய்வது

விஜயதசமியன்று பிள்ளைக்கு ஏடு தொடங்க, அதாவது முதல் எழுத்தை எழுத வைக்க, பத்து நாள் முன்பே பனை ஓலையை வெட்டிவிடுங்கள். சாயல்குடிப் பக்கம் பனைக்கா பஞ்சம்! குருத்தை அடுத்த இளம் ஓலைதான் வேண்டும். முற்றியது எழுத்தாணி பட்டதுமே பிளக்கும். ஈர்க்கை உரித்து, ஒரு சாண் நீளம், இரு விரல் அகலத்தில் நாலைந்து நறுக்குங்கள். ஒன்றிரண்டு எப்படியும் வீணாகும்.

இரண்டு கரண்டி மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் வேகவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். நம் கரையோரத்தில் உப்புக்காற்று ஈரத்தை விடாது, பூஞ்சை பூக்கும். அதனால் அடுப்படிப் பரணே நல்ல இடம். காய்ந்ததும் வழவழப்பான சங்கால் இருபுறமும் அழுத்தித் தேயுங்கள்.

'அ' எழுதும்போது ஆணியை அசைக்காமல் ஓலையை நகர்த்துங்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள்.

கீறல் முதலில் கண்ணுக்கே தெரியாது. விளக்குக்கரியைக் கோவை இலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால், மஞ்சள் ஓலையில் எழுத்து கறுப்பாக எழும். அந்தத் துடைப்பைப் பிள்ளை கையாலேயே செய்ய வையுங்கள். சிலர் ஊமத்தைச் சாறு சேர்ப்பார்கள்; அது விஷம், பிள்ளை விரலை வாயில் வைக்கும், வேண்டவே வேண்டாம்.

பிறகு மடியில் உட்கார வைத்து, சுட்டுவிரல் பிடித்து, தாம்பாளத்து அரிசியில் அதே எழுத்தை மூன்று முறை எழுத வையுங்கள்.